பதினோராவது மூட்டை

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று அக்காவோடு வார்டில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டு, "நீங்க இன்னும் வரலையா?" என்று கேட்டார். எங்கே வரவேண்டும் என்று கேட்டேன். பிறகுதான் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரி மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பதினைந்து நாளாகிறது, ஆபரேஷன்கூட முடிந்துவிட்டது என்று. கூடப் பிறந்தவனுக்கு மூன்றாம் மனுஷி சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது.

உங்களை மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே குரல் ஏறிவிடும் என்று அக்கா சொல்வாள். அதனால் எழுதுகிறேன். தாளில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

கிளம்பி வந்திருப்பேன். ஒன்றரை நாள் ரயில் எனக்குப் பெரிதல்ல. ஆனால் இங்கே நூலைச் சுடுகிற இரண்டாம் உலையைச் சூடேற்றிவிட்டார்கள். ஒரு தடவை ஏற்றினால் ஜூன் கடைசி வரை சூட்டை இறக்க மாட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிற்சாலையில் மூன்றே பேர், அதில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. லீவு கேட்டதற்கு இன்சார்ஜ் என்னையே உலைக்குள் தள்ளிவிடுகிற மாதிரி பார்த்தார்.

அக்கா எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? என்னைக் கேட்டாளா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். விழுந்தபோது எந்தச் செயற்கைக் காலைப் போட்டிருந்தாள்? ஆறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் செய்த முனகியா, நான் இங்கிருந்து அனுப்பிய கறுப்பு நூலில் ஜனவரியில் செய்த ஊமையா? பத்தொன்பது வயதில் பஸ் சக்கரம் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே போனதிலிருந்து, அவள் தன் செயற்கைக் கால்களுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். உங்களுக்கும் ஒரு பெயர் இருந்தது, அளவுக்காரர். கால் அளவெடுக்க வந்தவர் மாப்பிள்ளை ஆகிவிட்டதால் அதை விட்டுவிட்டாள். என்னை மட்டும் இன்னும் கரிச்சட்டி என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஊமை உடைந்திருந்தால் ஒரு துண்டை அனுப்புங்கள். இங்கே பார்க்க வசதி இருக்கிறது. காரணம் இல்லாமல் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கரிச்சட்டி

மார்ச் 12

மச்சானுக்கு,

உன் கடிதம் வந்தது. சொல்லவில்லை என்று குத்திக்காட்டியிருக்கிறாய். சொல்லவில்லைதான்.

பிப்ரவரி 17, மதியம் இரண்டேகால். மூன்றாம் மாடியிலிருந்து மருந்துத் தட்டோடு இறங்கினாள். மேலிருந்து நாலாவது படி. படிகளை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். ஏழு படி உருண்டிருக்கிறாள். இடது இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். வலது மணிக்கட்டில் கீறல். நான் அதே கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் செயற்கைக்கால் பட்டறையில் இருந்தேன். ஆள் வந்து சொல்லும் வரை எனக்குத் தெரியாது.

"ஈரத்துல கால வச்சுட்டேன் டாக்டர், என் கவனக்குறைவுதான்" என்று அவளே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

போட்டிருந்தது ஊமை. உடைந்துவிட்டது. விழுந்த வேகத்தில் உடைந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் இன்னும் ஒன்றும் நினைக்கவில்லை. கணுக்கால் போல்ட்டிலிருந்து இரண்டு விரற்கடை முன்னால் கத்தி வைத்து வெட்டியது போல் உடைந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் உடைந்த கார்பன் கால்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். அவை துடைப்பம் மாதிரி நார் நாராகப் பிரிந்து நிற்கும். இது பிஸ்கட் மாதிரி உடைந்திருக்கிறது. பாதியை இத்துடன் அனுப்புகிறேன். மற்ற பாதி என்னிடம் இருக்கட்டும்.

இப்போது நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பரில் நூல்கண்டோடு நீ வைத்திருந்த சீட்டை எடுத்துப் படித்தேன். "இது கிராஃபைட் நார், அத்தான். நீங்கள் வழக்கமாகப் போடும் கார்பன் நாருக்கு அண்ணன். இரண்டு உலையும் பார்த்தது. இதற்கு மேல் சரக்கு கிடையாது." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். எங்கள் பட்டறையில் கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றுதான். கண்ணுக்கும் ஒன்று, கைக்கும் ஒன்று. அண்ணனுக்கும் தம்பிக்கும் என்ன வித்தியாசம் என்று பூசி மெழுகாமல் எழுது. விளம்பரம் வேண்டாம்.

அவள் உன்னைக் கேட்டாள். உலை ஓடுகிறது என்று சொன்னேன். சிரித்தாள்.

மார்ச் 25

அன்புள்ள அத்தானுக்கு,

துண்டு வந்தது. இரண்டு நாள் அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. நேற்றுதான் சோதனை அறைக்காரரைக் கெஞ்சி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். எங்களிடம் வரும்போது இது வெள்ளை நூல், ஸ்வெட்டர் பின்னுகிற நூலுக்குத் தூரத்துச் சொந்தம். அதைக் காற்றுபட இருநூற்றைம்பது டிகிரியில் வறுப்போம், கறுத்துவிடும். பிறகு முதல் உலை. அதற்குள் நைட்ரஜன் மட்டும்தான். காற்று புகுந்தால் எல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும். ஆயிரத்து முந்நூறு டிகிரியில் கார்பனைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஓடிப்போய், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கார்பன் நிற்கும். அதுதான் நீங்கள் தினமும் கையாளும் கார்பன் நார். உள்ளே அதன் அடுக்குகள் கோணலும் மாணலுமாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். அந்தக் கோணல்தான் அதற்குப் பலம். இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும், வளைத்தால் கொஞ்சம் வளையும்.

அதையே இரண்டாம் உலையில், அதாவது என் உலையில், இரண்டாயிரத்து எண்ணூறு டிகிரிக்கு ஏற்றினால் கிராஃபைட் நார். மிச்சம் மீதியும் போய், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் கார்பன். கோணலெல்லாம் நிமிர்ந்து, அடுக்குகள் நூலின் நீளவாக்கில் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சூட்டையும் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஆனால் இழுத்தால் கார்பன் நார் தாங்குகிற அளவுக்குத் தாங்காது. துளிகூடக் கொடுக்காது. தாங்கும் வரை அசையாமல் நின்றுவிட்டு ஒரேயடியாக உடையும். இதை வாங்குகிறவர்கள் செயற்கைக்கோளுக்குச் சட்டம் செய்கிறவர்கள். யாரும் மிதிக்காத இடத்துக்குப் போகிற சரக்கு, அத்தான்.

நீங்கள் அனுப்பிய துண்டின் முகம் உடைந்த கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்கிறது. படியில் மோதி உடைந்திருந்தால் பக்கவாட்டில் நசுங்கியிருக்கும். நசுங்கவில்லை. ஊன்றியபோதே உடைந்திருக்கிறது. அது உடைந்ததால்தான் அக்கா விழுந்திருக்கிறாள். அன்றைக்கு யாரும் படியைத் துடைக்காமல் இருந்திருந்தாலும் உடைந்திருக்கும். அன்றைக்கு இல்லாவிட்டால் மறுநாள்.

இனி எழுதப்போவதற்கு நாலு தாள் கிழித்துவிட்டேன். எங்கள் ஷிப்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு விளையாட்டு காட்டுவோம். இரண்டு வகை நூலையும் கையில் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்வோம். கார்பன் நூலில் முடிச்சு இறுகி இறுகி மிளகு அளவுக்கு வந்த பிறகுதான் அறும். கிராஃபைட் நூலில் வளையம் மோதிரம் அளவுக்கு இருக்கும்போதே டப்பென்று போய்விடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தை ஒரு முடிச்சு காட்டிவிடும். ஒன்பது வருஷமாக இதைச் செய்து காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சீட்டில் "ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்கள்" என்று எழுத எனக்குத் தோன்றவில்லை.

பொய். தோன்றியது. எழுதினால் என் சரக்கை நீங்கள் ஒதுக்கிவிடுவீர்கள் என்றுதான் விட்டேன். "வார்டுல நான் நடந்தா முனகி சத்தத்துல தூங்கறவங்க முழிச்சுக்கிறாங்கடா, சத்தம் போடாத காலுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று அக்கா என்னைக் கேட்டிருந்தாள். உங்களை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள். அந்தப் பெருமையை விட எனக்கு மனசு வரவில்லை.

அவளிடம் சொல்லிவிடுங்கள். கால் தவறவில்லை, உன் தம்பிதான் காரணம் என்று சொல்லிவிடுங்கள்.

கரிச்சட்டி

ஏப்ரல் 9

மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டாவது தடவை படிக்கவில்லை.

ஒரு வரி. நீ எழுதாமல் விட்டது ஒரே ஒரு வரி. செயற்கைக்கோளுக்குப் போகிற சரக்கை உன் அக்காவின் காலுக்கு அனுப்பினாய். அனுப்பிவிட்டு, இதற்கு மேல் சரக்கு கிடையாது என்று பீற்றிக்கொண்டாய்.

நான் எப்படிச் சோதித்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பட்டறையில் ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது. காலை அதில் பொருத்தி, மேலே உள்ள பலகையில் இருபது கிலோ மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்குவோம். பத்து மூட்டை. கால் எவ்வளவு தாழ்கிறது என்று அளவுகோலில் பார்ப்போம். முனகி பதினாறு மில்லிமீட்டர் தாழ்ந்தது. ஊமை ஏழு. குறைவாகத் தாழ்ந்தால் நல்ல கால், எங்கள் பட்டறையில் எப்போதும் அதுதான் கணக்கு. ஏழைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பதினோராவது மூட்டையை நான் வைக்கவில்லை. எதில் உடையும் என்று பார்க்க வேண்டுமானால் இன்னொரு கால் செய்ய வேண்டும். நீ அனுப்பிய கண்டில் ஒரு காலுக்குத்தான் நூல் இருந்தது.

வீட்டுக்கு வந்துவிட்டாள். முனகியைத் துடைத்து, போல்ட்டை மாற்றி, பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. "நல்ல காலக் குடுத்தாலே எனக்கு வைக்கத் தெரியல. இதையும் உடைக்கவா?" என்றாள். இடுப்பு ஆறிவிட்டது, நிற்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுக்கிறாள். ஜூலைக்குள் நடந்து காட்டினால்தான் வார்டு வேலை. இல்லையென்றால் சீட்டு எழுதும் ஜன்னலில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு அவள் படிக்கவில்லை என்பது உனக்கும் தெரியும்.

உண்மையைச் சொன்னால் பயம் போய்விடுமே என்று நீ கேட்பாய். நான் செய்த கால் ஊன்றும்போதே உடையும் என்று தெரிந்த பிறகு, நான் செய்யும் அடுத்த காலில் ஏறி நிற்பாளா? அவள் முதலில் நடக்கட்டும். அது வரை நான் சொல்லப்போவதில்லை. நீயும் வாயைத் திறக்கக் கூடாது.

இனி எழுதாதே.

மே 20

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதாதே என்றீர்கள். நாற்பது நாள் எழுதவில்லை. இனி முடியாது.

அக்காவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

"கரிச்சட்டி, கை சரியாயிடுச்சு, அதான் முதல் லெட்டர் உனக்கு. நீ ஆசையா அனுப்பின நூல்ல உங்க அத்தான் மூணு வாரம் மெனக்கெட்டு செஞ்ச கால, நான் மூணே வாரத்துல உடைச்சுட்டேன்டா. அவர் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். சும்மா என் முன்னாடி வந்து நின்னுட்டுப் போறாரு. இத்தனை வருஷம் நடந்த எனக்கு எப்படி நடக்கிறதுன்னு மறந்துபோச்சு. ரெண்டு பேரும் என்னை மன்னிச்சிடுங்க."

இதைக் கேன்டீனில் வைத்துப் படித்தேன். எதிரில் இருந்தவர், "என்னப்பா, சாப்பாடு ஆறுது" என்றார். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் உலைப் பக்கம் நின்றேன். அங்கே யார் கண்ணிலும் எப்போதும் தண்ணீர் வரும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அவளுக்கு என்ன பதில் எழுதுவது? மன்னித்தேன் என்று எழுதவா? அதற்கு நான் இந்த உலையிலேயே விழுந்துவிடலாம்.

ஜூன் 25 உலையை இறக்குகிறார்கள். மறுநாள் ரயில் ஏறுகிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அவள் என்னை வீட்டுக்குள் விடாவிட்டாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவேன்.

இத்துடன் ஒரு கண்டு வருகிறது. கார்பன் நார், முதல் உலையோடு நிறுத்தியது. இன்சார்ஜிடம் நடந்ததையெல்லாம் சொல்லிக் கேட்டேன், அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கண்டைப் பிரித்து, பத்து மீட்டருக்கு ஒரு துணுக்கு வெட்டி முடிச்சுப் போட்டுப் பார்த்து, மீண்டும் சுற்றியிருக்கிறேன். இருபத்தாறு முடிச்சு. எல்லாம் தனிக் கவரில் இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள். இரண்டு காலுக்குப் போதுமான நூல் இது.

கரிச்சட்டி

ஜூன் 3

மச்சான்,

வர வேண்டாம். நான் சொல்கிறேன்.

கண்டு வந்தது. உன் கவரைப் பிரித்து முடிச்சுகளை வேலை மேஜையில் கொட்டினேன். இருபத்தாறும் மிளகு மாதிரி இறுகிக் கிடந்தன. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஏப்ரலில் எழுதியபோது ஒன்றை மென்று விழுங்கினேன். காலின் அச்சில் நூலைச் சுற்றத் தொடங்குமுன் நுனியை ஓர் ஆணியில் முடிச்சுப் போட்டுக் கட்டுவேன். எல்லாக் காலுக்கும் அப்படித்தான். ஜனவரியில் உன் நூலைக் கட்டியபோது முடிச்சு இறுகுவதற்கு முன்னாலேயே அறுந்தது. மறுபடி போட்டேன். அறுந்தது. மூன்றாவது தடவையும் அறுந்தது. நுனி எங்கேயோ நசுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பசை வைத்து ஆணியில் ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நீ அந்த வரியை எழுதியிருக்கத் தேவையே இல்லை. நூலே மூன்று தடவை சொன்னது. மூன்று தடவை அறுந்த நூலில் அவளை நிற்க வைத்தேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாய். ஆறு வருஷமாக அந்த முனகல் வீட்டுக்குள் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது அவளுக்கு இடைஞ்சல் என்று ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. உன்னிடம் சொன்னாள். நீ நூலை அனுப்பிவிட்டாய். அதைத் திருப்பி அனுப்பி, இது ஆகாது என்று எழுதினால், பொறாமையில் சொல்கிறேன் என்று இரண்டு பேரும் நினைப்பீர்கள் என்று பட்டது. சத்தமில்லாத காலைச் செய்து அவள் முன்னால் வைத்தே தீருவது என்று வீம்பு. ஏப்ரலில் உன்னைத் திட்டியதில் பாதி என்னைத் திட்டிக்கொண்டது.

உன் புது நூலைக் கட்டிவிட்டேன். முடிச்சு நின்றது. கால் முடிய பத்து நாள் ஆகும். அதை எடுத்துக்கொண்டுபோய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 11

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று தடவை அறுந்தது என்று படித்ததும் முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பாரத்தில் பாதியை நீங்கள் வாங்கிக்கொண்ட மாதிரி. அதை உங்களிடம் மறைத்தால் அது இன்னொரு எழுதாத வரியாகிவிடும், அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் கழித்து அந்த நிம்மதி போய்விட்டது. பங்கு போட்டால் குறைகிற பாரமாக இது இல்லை.

நீங்களே சொல்லுங்கள். ஆனால் பத்து நாள் என்பதை இருபது நாளாக்காதீர்கள். கால் முடிந்த பிறகு சொல்கிறேன், மெருகு போட்ட பிறகு சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நாளும் நாம்தான் அவளை உட்கார வைத்திருக்கிறோம்.

கரிச்சட்டி

ஜூலை 2

மச்சானுக்கு,

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்.

காய்ந்த துணிகளை மடியில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். புதுக் காலை மேஜையில் வைத்தேன். உடைந்த ஊமையின் பாதியை அதன் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் தம்பி கதையை ஆரம்பித்து, முடிச்சு வரை சொல்லி முடித்தேன். உன் வரியையும் சொன்னேன், என் பசையையும் பத்து மூட்டையோடு நிறுத்தியதையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் வச்சேனா?"

"சரியாத்தான் வச்சே."

"அந்த ஈரம்?"

"ஈரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மார்ச் கடைசில."

அவள் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். ஏப்ரல், மே, ஜூன் என்று விரலை மடித்தாள்.

"கால் உடைஞ்சதுக்கு உங்களை மன்னிச்சிருப்பேன். யாருக்கும் கை தப்பும், நானும் வார்டுல எத்தனையோ பாத்திருக்கேன். மூணு மாசம் என் மேலயே எனக்குப் பயம் வர வச்சீங்களே. பாத்ரூமுக்குப் போறப்பக்கூட கட்டையையும் செவுத்தையும் பிடிச்சுக்கிட்டு, தரையைப் பாத்துப் பாத்து ஒத்தக் கால ஊன்றினேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எழுந்து நடந்திருப்பேன்."

"நீ நடந்த பிறகு சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

முனகியை எடுத்துத் தரச் சொன்னாள். கொடுத்தேன். மாட்டிக்கொண்டு எழுந்தாள். முதல் நாலு அடிக்கு நாற்காலியைப் பிடித்தாள், ஐந்தாவது அடியில் விட்டுவிட்டாள். சமையலறை வரை போய்த் திரும்பினாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

அன்றிலிருந்து தினமும் நடந்தாள். காலையில் தெருக்கோடி வரை, மாலையில் ஆஸ்பத்திரி வரை. என்னோடு பேச்சு தேவைக்கு மட்டும். ஆஸ்பத்திரியில் நடந்து காட்டித் தேறிவிட்டாள். வேறு ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிக் கிளைக்கு அவளே எழுதிக் கொடுத்து மாற்றல் வாங்கியிருக்கிறாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள், நான் கேட்கவில்லை. நேற்று ஒரு பெட்டியோடு கிளம்பினாள். ரயில் நிலையம் வரை வருகிறேன் என்றேன். "வேணாம். படி எறங்க எனக்குத் தெரியும்" என்றாள்.

புதுக் கால் மேஜையிலேயே இருக்கிறது. நான் செய்ததில் நல்ல கால் அதுதான்.

உன் ஊர் வழியாகத்தான் அந்த ரயில் போகும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 16

அன்புள்ள அத்தானுக்கு,

வந்தாள். இங்கே ரயில் மாறுவதற்கு அவளுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. முந்தின நாள் ஒரு வரித் தகவல் அனுப்பியிருந்தாள்: "பிளாட்பாரத்துக்கு வா. ரெண்டு நூலும் எடுத்துட்டு வா."

இளைத்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நான் அழுதுவிடுவேன் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். "அழறதுன்னா அந்தக் கடைசி பெஞ்சுல போய் அழுதுட்டு வா, நேரம் இல்ல" என்றாள். அழவில்லை.

நூல்களைக் கொடுத்தேன். முதலில் கார்பன். முடிச்சுப் போட்டு மெதுவாக இழுத்தாள். இறுகி, சின்னதாகி, கண்ணுக்குத் தெரியாமல் போகும் அளவுக்கு வந்து அறுந்தது. பிறகு கிராஃபைட். வளையத்துக்குள் விரல் நுழையும் அளவு இருக்கும்போதே போய்விட்டது. இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவுதானா? இதை ஒருத்தருக்குச் சொல்லிக் குடுக்க எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"ஒரு நிமிஷம்க்கா."

டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். முனகியைப் பார்த்து, "வார்டுல தூங்கறவங்க என்ன சொல்லப்போறாங்களோ" என்று மட்டும் சொன்னாள். சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் நானே கேட்டேன். புதுக் கால் அங்கே சும்மா இருக்கிறதே, அத்தானை அனுப்பச் சொல்லவா என்று. முனகியின் ஆயுள் முடியப்போகிறது, அது அவளுக்கும் தெரியும்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முதல்ல ரெண்டு பேரும் சேர்ந்து அதை உடைங்க. பத்து மூட்டையோட நிறுத்தாம உடையற வரைக்கும் வைக்கச் சொல்லு. எத்தனையாவதுல முனகுது, எத்தனையாவதுல உடையுதுன்னு எழுதி அனுப்புங்க. அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணு செய்யட்டும். போடறதா வேணாமான்னு அப்ப பாத்துக்கிறேன். அட்ரஸ் நானே அனுப்பறேன்."

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்க விடவில்லை. கூட்டத்தில் அவள் மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

எனக்கு லீவு முடிந்துவிட்டது, உலையை ஏற்றுகிறார்கள். நீங்கள் தனியாகத்தான் உடைக்க வேண்டும். நீங்கள் செய்ததில் நல்ல கால் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உடைக்கச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

கரிச்சட்டி

ஆகஸ்ட் 5

மச்சானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பட்டறைச் சாவியை வாங்கித் திறந்து, புதுக் காலைச் சட்டத்தில் பொருத்தினேன். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. மூட்டைகளை நானே தூக்கினேன்.

பத்து மூட்டை, பதினைந்து மில்லிமீட்டர். அங்கே என் கை தானாக நின்றுவிட்டது. அளவுகோலை எடுத்துத் துடைத்து உறையில் போடப் போனேன். பிறகு திரும்பி வந்து பதினோராவது மூட்டையைத் தூக்கி வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு லேசான வேலையை ஜனவரியில் நான் செய்யவில்லை.

பதினேழாவதில் முனகத் தொடங்கியது. ஒவ்வொரு மூட்டைக்கும் காத்திருந்து கேட்டேன். இருபத்து மூன்றாவதில் மேலடுக்கு பிரிந்தது. இருபத்தேழாவதில் உடைந்தது. அப்போதும் இரண்டு துண்டாகவில்லை, நாரில் தொங்கிக்கொண்டு நின்றது. முனகின பிறகும் பத்து மூட்டை தாங்கியிருக்கிறது.

மிச்ச நூலில் அதே மாதிரி இன்னொரு கால் செய்து முடித்துவிட்டேன். முடிச்சு ஒரு தடவையும் அறவில்லை.

எண்களைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மன்னிப்பு என்று அதில் எதுவும் எழுதவில்லை. எழுதினால் படிக்காமல் மடித்துவிடுவாள், எண்களை மட்டும் படிப்பாள். எனக்கு அட்ரஸ் வரவில்லை. உனக்கு வந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம், இந்தத் தாளை மட்டும் அவளுக்கு அனுப்பிவிடு.

காலைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். மேலே ஒட்டின சீட்டில் அவள் பெயரை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே எழுத இடம் விட்டிருக்கிறேன்.